பல்லைக் காட்டாத பிரபு

ஜெபரத்தினம் வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது என்று திருத்தணி மிஷன் வளாகத்தில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது அவருடைய முகம். நெற்றியில் எப்போதும் ஒரு சின்னக் கவலை, பேச்சில் எப்போதும் ஒரு 'தயவு செய்து'. அப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு அவர் மூன்று வருஷத்தில் மூன்று தடவை, பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வாங்கப் போகிறேன் என்று மனைவி லோயிஸிடம் சொல்லிவிட்டு, ரயிலேறி மதராசுக்குப் போய் இங்கிலீஷ் சினிமா பார்த்துவிட்டு வந்திருந்தார். புத்தகமும் வாங்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும். அரைப் பொய்க்காரர்களுக்கே உரிய ஜாக்கிரதை அது.

சபையில் சினிமா பெரிய பாவம். கள் குடித்து விழுந்து கிடந்தவனைக்கூட ஜெபம் பண்ணி எழுப்பி உட்கார வைப்பார்கள். கொட்டகைக்குப் போனவன் என்று தெரிந்தால் ஆறு மாதம் கடைசி பெஞ்சுதான், திருவிருந்து கிடையாது. வாத்தியாரோ சபையின் மூப்பர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை போதகர் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே முன்னால் போக, திராட்சரசம் இருக்கிற வெள்ளிப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பின்னால் போகிறவர் அவர்தான். முழங்கால்படியிட்டவர்களின் உதட்டருகே பாத்திரத்தைப் பதமாகச் சாய்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று போதகரே சொல்லுவார்.

பார்த்த படம் மூன்று, ஆனால் வில்லன் ஒருவன்தான். சீமையில் எங்கோ ஒரு மலைமேல் இடிந்த கோட்டை. அதில் ஒரு பிரபு. பகலெல்லாம் சவப்பெட்டிக்குள் தூங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் எழுந்து வந்து மனுஷர் கழுத்தில் வாய் வைத்து இரத்தம் குடிக்கிறவன். மூன்று படத்திலும் மூன்று வேறு நடிகர்கள் அவனாக வந்தார்கள். மூன்றாவது படம் முடிந்து கொட்டகையை விட்டு வெளியே வந்த வாத்தியார், வாசலில் அம்மையார்குப்பத்து மணவாளனோடு முட்டிக்கொண்டார். மணவாளன் நெசவுக்காரர். மதராஸ் கடைகளுக்கு மாதாமாதம் புடவை கொண்டுபோகிறவர், அவரும் மூன்று படத்தையும் பார்த்திருந்தார். திருத்தணிக்குத் திரும்புகிற ரயிலில் ஆரம்பித்த வாக்குவாதம் அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. வளாகத்தில் யார் காதிலாவது விழுந்துவிடுமென்று நடிகர்களின் பேரைச் சொல்லாமல் ஒண்ணாம் ஆள், ரெண்டாம் ஆள், மூணாம் ஆள் என்றே பேசிக்கொண்டார்கள்.

மணவாளன் மூன்றாம் ஆள் கட்சி. "பல்லைக் காட்டாத பேய் இன்னா பேய் வாத்தியாரே? ஒங்க ஒண்ணாம் ஆளு கடைசிவரைக்கும் பல்லையே காட்லியே. மூணாம் ஆளைப் பாருங்க, வாயத் தொறந்தா கொட்டாயே கத்துது."

"அதுதான் மணவாளா விஷயம்," என்பார் வாத்தியார். "ஒண்ணாம் ஆளு கதவைத் தொறந்துகினு நிக்கறான். வாங்கன்றான். நாற்காலி போடறான். சாப்டீங்களான்னு கேக்கறான். ஒனக்கு அவன் மேல சந்தேகமே வராது. எழுந்திரிச்சிப் போகணும்னு தோணும்போது உன்னால எழுந்திரிக்க முடியாது. மூணாம் ஆளு வந்தா நீ ஓடிடுவே."

"அப்போ ரெண்டாம் ஆளு?"

"அவன் தாலுகா ஆபீஸ் சிரஸ்தார் மாதிரி நல்லா சாப்ட்டுட்டு வந்து நிக்கறான். அவனுக்கு ரத்தம் ஏன்? மோர் போதும்."

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. யுத்தம் முடிந்த மறு வருஷம், ஜூன் மாதம் முதல் தேதி, சனிக்கிழமை மத்தியானம். ஆலயத்தின் திருவிருந்து மேசைக்குப் புதிதாக ஒரு வெள்ளை விரிப்பு நெய்து கொண்டுவந்திருந்தார் மணவாளன். அதை வாங்கி வைக்க வாத்தியார் ஆலயத்தின் பின்னறையைத் திறந்தார். மறுநாள் திருவிருந்துக்காக வெள்ளிப் பாத்திரத்தை ஆலயம் பெருக்குகிற தபிதாள் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள். சுவரில் ஆணியில் போதகரின் கறுப்பு அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. மலைமேல் முருகன் கோயிலிலிருந்து மேளச் சத்தம் லேசாகக் கேட்டது. மணவாளன் அங்கியைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார்.

"வாய்ல பேசிகினே கீறீங்க. செஞ்சி காட்டுங்க பாக்கலாம்," என்றார்.

வாத்தியாருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் அவருக்குள் ஒரு வருஷமாக அடைத்துக் கிடந்த ஆசை அது. சபையிலும் பள்ளிக்கூடத்திலும் நல்லவராகவே இருந்து இருந்து அவருக்கு அலுத்திருந்தது. அங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஒண்ணாம் ஆளாகக் குனிந்து வரவேற்றார். மணவாளன் உதட்டைப் பிதுக்கினார். ரெண்டாம் ஆளாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு சாக்குக்கட்டியில் இரண்டு துண்டு உடைத்து, மேலுதட்டுக்குள் கோரைப்பல்லாகச் செருகிக்கொண்டார். மூணாம் ஆளுக்குக் கையில் ஏதாவது வேண்டியிருந்தது. பாத்திரத்தைத் தூக்கினார். கண்ணை உருட்டி, உறுமி, காலிப் பாத்திரத்தில் வாய் வைத்துச் சர்ரென்று உறிஞ்சினார். ஒரு சாக்குத்துண்டு கழன்று பாத்திரத்துக்குள் டங்கென்று விழுந்தது.

கதவருகில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பார்த்தால், தண்ணீர்ச் செம்போடு தபிதாள்.

தபிதாள் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் செத்த பிறகு வளாகத்து மூலையில் ஓர் அறையைக் கொடுத்து, ஆலயம் பெருக்கவும் பாத்திரங்களைத் துலக்கவும் வைத்திருந்தார்கள். பின்னறைச் சாவி பன்னிரண்டு வருஷமாக அவள் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. அவள் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. சிரித்த மறுகணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் பயம் வந்துவிட்டது.

மணவாளன் விரிப்பை வைத்துவிட்டு நழுவினார். வாத்தியார் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாயைத் துடைத்தார், பாத்திரத்தையும் துடைத்தார். பிறகு போதகர் உட்காருகிற நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தபிதாளம்மா."

அவளுக்கு அந்த வளாகத்தில் அதுவரை ஒருவரும் நாற்காலி போட்டதில்லை. நுனியில் உட்கார்ந்தாள்.

"சாப்டீங்களா?"

"ஆங், ஆச்சிங்க."

"ஏதோ வெளையாட்டு. தயவு செஞ்சி யார்கிட்டயும் சொல்ல வேணாம். எனக்கு வாக்கு கொடுக்கணும் நீங்க." கையைக் கூப்பி, தலையை லேசாகச் சாய்த்து, நெற்றிக் கவலையோடு கேட்டார்.

"நான் ஏன் வாத்தியாரய்யா சொல்லப்போறேன்? ஆண்டவர் அறிய சொல்லமாட்டேன்," என்றாள் தபிதாள்.

மறுநாள் திருவிருந்தில் வாத்தியார் பாத்திரத்தோடு வரிசையில் போனார். பெண்கள் பக்கத்தில் தபிதாள் வழக்கமாக முழங்கால்படியிடும் இடம் காலியாக இருந்தது. உடம்பு சரியில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டார். பார்த்தால் அவள் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தாள், தலையைக் குனிந்துகொண்டு. ஜூலையிலும் அவள் வரவில்லை. ஆகஸ்டில் வாத்தியாருடைய கண் தானாகவே அந்த இடத்துக்குப் போயிற்று. அப்போதும் இல்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே லோயிஸ் சொன்னாள். "இன்னாங்க, தபிதாளம்மா சங்கதி கேட்டீங்களா? ஆடிக் கிருத்திகைக்கு மலையேறிப் போய் காவடி எடுத்துச்சாம். அடுத்த வீட்டு பிரேமகுமாரி வேற மாதிரி சொல்லுது. மிச்சம் வெச்ச திராட்சரசத்தை எடுத்துக் குடிச்சிகினு இருந்துச்சாம், அதான் முகத்தைக் காட்ட முடியாம ஒக்காந்துகினு இருக்குதாம்."

"சேச்சே," என்றார் வாத்தியார். சோறு என்னவோ இறங்கிற்று.

சாயங்காலம் கிணற்றடியில் தபிதாளைப் பிடித்தார். ஏன் வருவதில்லை என்று கேட்டார். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"முடியலீங்க. பாத்திரம் கிட்ட வருதுன்னு நெனச்சாலே அந்த சாக்குக்கட்டிப் பல்லு கண்ணுல வந்துடுது. சிரிப்பு பொத்துகினு வருது. அந்த எடத்துல நான் சிரிச்சிட்டா இன்னாங்க ஆவறது? அது இன்னா சாதாரணப் பாத்திரமா? அதான் தானா அடங்கட்டும்னு ஒதுங்கி கீறேன்." பிறகு ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டாள்: "நீங்கதானே கையில தூக்கிகினு வரீங்க? ஒங்களுக்கு எப்டிங்க வரல?"

பாத்திரத்தைத் தூக்கும்போது வாத்தியாருக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. மூன்று மாதமாக ஒன்றுமே வரவில்லை. ரசம் சிந்தாமல் சாய்ப்பதிலேதான் கவனம். சிரித்ததற்காக இவள் பட்டினி கிடக்கிறாள், சிரிக்க வைத்த நான் பரிமாறுகிறேன் என்று தோன்றியதும் காது இரண்டும் சூடேறிவிட்டது. ஆனாலும் சொன்னது இதுதான்: "கண்ணை மூடிகினு வந்துடுங்களேன்."

"ஆண்டவர் முன்னால கள்ளத்தனமா?" என்று கேட்டுவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்தக் கூட்டம் நடக்கும். தொடர்ந்து மூன்று தடவை திருவிருந்துக்கு வராதவர்களின் பேரை மூப்பர் எழுந்து வாசிக்க வேண்டும். பேர் வாசிக்கப்பட்டவர் சபை முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை வாத்தியார் எழுந்தார். பேரை விட்டுவிடலாமா என்று காலையிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தவர்தான். விட்டால் ஏன் விட்டீர் என்று கேட்பார்கள். கேட்டால் இழுக்க இழுக்க எல்லாம் வெளியே வந்துவிடும்.

"தபிதாள்," என்று வாசித்தார். குரல் கணீரென்றுதான் இருந்தது.

போதகர் யோபுவைச் சபையார் ஐயர் என்றே அழைப்பார்கள். எழுபது வயது, இளகின மனசு, ஆனால் ஒழுங்கில் இரும்பு. "காரணம் சொல் மகளே," என்றார்.

தபிதாள் எழுந்து நின்றாள். "சிரிச்சிட்டேன் ஐயரே."

"எதற்குச் சிரித்தாய்?"

"பாத்திரத்தைப் பாத்து சிரிச்சிட்டேன். அதுக்கு மேல சொல்லமாட்டேன்னு வாக்கு கொடுத்துகீறேன்."

"யாருக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். வாத்தியார் இருந்த பக்கம் அவள் கண் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பெண்கள் பக்கம் குசுகுசுவென்று கிளம்பிற்று. பிரேமகுமாரி பக்கத்திலிருந்தவளின் தொடையைக் கிள்ளினாள்.

போதகர் இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தார். பிறகு, வருத்தத்தோடுதான் சொன்னார்: உண்மை வெளிவருகிறவரை அவள் பரிசுத்த பாத்திரங்களைத் தொடக்கூடாது, பின்னறைச் சாவியை மூப்பரிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அறை விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். அறை என்றதும் தபிதாள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. பன்னிரண்டு வருஷ முடிச்சு. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்து, நடந்து வந்து, சாவியை வாத்தியாரின் கையில் வைத்தாள். சாவி சூடாக இருந்தது.

அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தும்விட்டார். அவரை நான் எவ்வளவு கேலி செய்தாலும் அந்த ஒரு காரியத்துக்கு அது ஈடாகாது.

"மூப்பரே," என்றார் போதகர், "இந்தச் சகோதரிக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கள்."

எழுந்தார். சபை கண்ணை மூடியது. வாத்தியாரின் ஜெபம் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். வாயைத் திறந்ததும் வார்த்தை தானாக வந்தது. "கிருபையுள்ள தேவனே, வழிதவறின உமது அடியாளை நினைத்தருளும். அவளுடைய நெஞ்சில் மறைந்திருக்கிற பாவத்தை..." எவ்வளவு சரளமாக வருகிறது என்று அவருக்கே கேட்டது. அந்தக் குனிவு, அந்தக் குழைவு, அந்தக் கவலை. அத்தோடு நின்றுபோனார். சபை ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தது.

"வாக்கு வாங்கினது நான்தான் ஐயரே," என்றார். "சிரிக்க வெச்சதும் நான்தான். இந்தப் பாத்திரத்தை வெச்சிகினு, ரத்தம் குடிக்கிற காட்டேரி மாதிரி... உங்க அங்கியைப் போட்டுகினு..."

காட்டேரி என்ற பேர் வந்ததுதான் தாமதம், ஆண்கள் பக்கத்தில் நாலு பேர் எழுந்துவிட்டார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் காட்டேரிக்குப் படையல் போடாத ஊர் கிடையாது. சபையாரின் பாட்டன்மார் அதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் ஞானஸ்நானம் எடுத்தார்கள். மூப்பர் ஆலயத்துக்குள்ளேயே காட்டேரிக்கு இரத்தப் படையல் போட்டுவிட்டார் என்று ஒருவர் கத்தினார். ஒரு கிழவர் வாசலைப் பார்த்து ஓடவே எழுந்தார்.

"படையல் இல்லீங்க! சினிமா! மதராஸ்ல சினிமாவுல பாத்தது! மூணு படம், மூணு ஆளு!" என்று வாத்தியார் அலறினார். லோயிஸ் தலை தூக்கி அவரைப் பார்த்தாள். மூன்று புத்தகப் பயணங்களையும் அவள் கணக்கெடுப்பது அவருக்குத் தெரிந்தது.

போதகர் பிறந்ததிலிருந்து சினிமா பார்த்ததில்லை. சபையிலும் யாரும் பார்த்ததில்லை, அல்லது பார்த்ததாக ஒப்புக்கொள்வாரில்லை. நடந்தது பூஜையா விளையாட்டா என்று அவர்கள் எப்படித் தீர்மானிப்பது? போதகர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். "அன்றைக்கு என்ன செய்தீரோ, அதை அப்படியே சபைக்குச் செய்து காட்டும். ஒன்றையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

இதைவிடக் கடைசி பெஞ்சில் ஆறு வருஷம் உட்காரலாம் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. அங்கியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பாத்திரத்துக்குப் பதிலாக ஒரு பித்தளை டம்ளரைக் கொடுத்தார்கள். ஒண்ணாம் ஆளாக வந்தார், குனிந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, காற்றைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, சாப்டீங்களா?" என்றார். "இதில் என்ன தப்பு? மரியாதைக்காரனாகத்தானே இருக்கிறான்?" என்றார் போதகர். ரெண்டாம் ஆளாக வயிற்றைத் தள்ளி நடந்தார். எங்கோ ஒருவர் இருமினார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டார். சாக்குக்கட்டி இருந்தது, வாத்தியார் பையில் இல்லாமல் எங்கே போகும்? செருகிக்கொண்டார், கண்ணை உருட்டினார், உறுமினார், டம்ளரை உறிஞ்சினார்.

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் பிரேமகுமாரி. அப்புறம் ஆலயமே குலுங்கிப்போயிற்று. ஓடப் பார்த்த கிழவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போதகர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில், ஒரு மூச்சு விடுகிற அவகாசத்துக்கு, ஜெபரத்தினம் வாத்தியாருக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாகச் செய்துவிட்டோம் என்று இருந்தது. உறுமலை இன்னும் கொஞ்சம் நீட்டினார். நீட்டும்போதே தபிதாளைப் பார்த்துவிட்டார். கூட்டத்தில் சிரிக்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். அவிழ்த்த முந்தானை நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நீட்டியதையும் அவள் பார்த்துவிட்டாள். வாயிலிருந்த சாக்குக்கட்டி அப்படியே கரைந்து நாக்கில் ஒட்டியது. அந்த வெட்கத்தை அவர் சாகிறவரை யாரிடமும் சொல்லவில்லை.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. போதகர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது சிரிப்பாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"நாளைக்குத் திருவிருந்து இல்லை," என்றார். "நானும் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள். ஒரு தடவை சிரித்ததற்கு இந்த மகள் தானாக மூன்று மாதம் விலகியிருந்தாள். நாம் ஒரு மாதமாவது விலகியிருப்போம்." ஜெபரத்தினத்துக்கு மூப்பர் பதவி போயிற்று, ஆறு மாதம் கடைசி பெஞ்சு. சாவியைத் தபிதாளிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. லோயிஸ் அவருக்காக நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். வாத்தியார் அங்கியை ஆணியில் மாட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பின்னறை வாசலில் நின்ற தபிதாளிடம் சாவியை நீட்டினார். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தார். கை தானாகக் கூப்பிக்கொள்ளப் போயிற்று, தலை தானாகச் சாயப் போயிற்று.

"வேணாங்க," என்றாள் தபிதாள். சாவியை வாங்கி முந்தானையில் வைத்து முடிந்தாள். "அந்த மூணாம் ஆளுக்கு நான் பயந்ததே இல்லீங்க. இன்னிக்கு அந்த ஒண்ணாம் ஆளைப் பாத்தப்போதான் எனக்கு பயமே வந்துச்சி. அன்னிக்கு எனக்கும் அப்டியேதான் நாற்காலி போட்டீங்க வாத்தியாரய்யா."

அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தைத் துலக்க எடுத்தாள்.